‘ரன்’ என்ற ஒரு சொல்லைக் கற்க நான்கு வழிகள்: நெல்லைச் சீமை மாணவர் எதைத் தேர்வது?

திருநெல்வேலிச் சீமையில் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, மேனிலை வகுப்பிலோ கல்லூரி முதலாண்டிலோ ஆங்கிலப் புத்தகங்களோடு மல்லுக்கட்ட நேர்கிற ஒரு மாணவருக்கு நீளமான சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. ‘போட்டோசிந்தசிஸ்’ என்றால் ஒளிச்சேர்க்கை. ஒரு முறை தெரிந்துகொண்டால் எந்தப் பக்கத்தில் வந்தாலும் அதுவே பொருள். அவரைத் தடுமாற வைப்பவை ‘ரன்’, ‘செட்’, ‘கெட்’, ‘புட்’ போன்ற மூன்றெழுத்துச் சொற்கள். தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிட்ட சொல் என்பதால் அகராதியைப் புரட்டத் தோன்றுவதில்லை. தெரிந்த பொருளை வைத்துப் படித்தால் வாக்கியம் பொருந்துவதும் இல்லை. கிணறு ஓடியது என்றும், மூக்கு ஓடியது என்றும், அப்பா கடையை ஓடினார் என்றும் மனத்துக்குள் மொழிபெயர்த்துவிட்டு அவர் விழிக்கிறார்.

இந்தச் சொற்களில் ‘ரன்’ என்பதையே இக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறேன். 1884-இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928-இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியில் நெடுங்காலம் மிக நீண்ட பதிவாக இருந்தது ‘செட்’ என்ற சொல்தான். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதன் வினைவடிவுக்கு மட்டும் 430 பொருள்கள் இருந்தன. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் ‘ரன்’ அதை முந்தியது. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ஒன்பது மாதங்கள் இந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்து, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார் என்ற செய்தி 2011-இல் வெளியானது. ரயில், மோட்டார், கணினி என்று இயந்திரங்கள் பெருகப் பெருக, அவை எல்லாவற்றுக்கும் இந்த வினையே கைகொடுத்தது என்பது அந்த வளர்ச்சிக்கு ஒரு காரணம்.

645 பொருள்களையும் எவரும் கற்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர்களே அவற்றில் பலவற்றைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலும் வேலையிடத்திலும் திரும்பத் திரும்ப வருகிற முப்பது நாற்பது பயன்பாடுகளையாவது கைவசப்படுத்தாமல் ஆங்கிலம் தெரியும் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவற்றை எந்த வழியில் கற்பது என்பதே கேள்வி. நம் ஊர்களில் நடைமுறையில் இருப்பவை நான்கு: தமிழ்ப் பொருள்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வது, ‘ஓடு’ என்ற தமிழ் வினையை அடித்தளமாக வைத்து அதிலிருந்து கிளைகளைப் பிடிப்பது, கற்போருக்கென்றே தயாரிக்கப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதியை நம்புவது, எது ‘ரன்’ ஆகிறது, எதை ‘ரன்’ செய்கிறார்கள் என்று சேர்க்கைச் சொற்களின்படி ஒரு குறிப்பேட்டைத் தாமே எழுதிச் சேர்ப்பது. முன்பின் பார்த்திராத வாக்கியம் ஒன்று எதிரே வந்தால் மாணவர் அதைப் பிரித்துப் பொருள் கொள்கிறாரா, அந்தச் சொல்லை வைத்துத் தாமாக ஒரு வாக்கியம் பிழையின்றிச் சொல்கிறாரா என்ற இரண்டையும் உரைகல்லாக வைத்தே இந்த நான்கையும் பார்க்கிறேன்.

பட்டியல் வழியை எல்லாரும் அறிவோம். தேர்வு வழிகாட்டிகளின் பின்பக்கத்தில் ‘ரன்’ என்று போட்டு, ஓடு, இயங்கு, நடத்து, பாய், ஒழுகு, நிர்வகி என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். 1960-களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற பெரிய நூல்களும் அடிப்படையில் இந்த முறையைச் சேர்ந்தவையே; அவற்றின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது, மொழிபெயர்ப்பாளருக்கு அவை இன்றும் வேண்டும். ஆனால் மாணவர் கையில் பட்டியல் வேறு விதமாக வேலை செய்கிறது. எந்தப் பொருள் நாள்தோறும் வருவது, எது என்றோ ஒரு நாள் வருவது என்று அது சொல்வதில்லை. அதைவிடப் பெரிய குறை, அது ஒருவழிப் பாதை. ‘ரன்’ என்றால் ‘நடத்து’ என்று படித்த மாணவர், ‘எங்க அப்பா கடை நடத்துதாவ’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது, ‘நடத்து’ என்பதற்கு வேறொரு பட்டியலில் படித்த ‘கண்டக்ட்’ நினைவுக்கு வந்து, ‘மை ஃபாதர் இஸ் கண்டக்டிங் எ ஷாப்’ என்கிறார். தேர்வையோ கூட்டத்தையோ ‘கண்டக்ட்’ செய்யலாம். கடையை ‘ரன்’தான் செய்ய வேண்டும். இந்த வேறுபாட்டைப் பட்டியல் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. ஒத்தபொருட்சொல் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது வழியைப் பள்ளிகளில் பெரும்பாலும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தைத் தமிழில் நினைக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘ரன்’ என்ற சொல்லைப் பொறுத்தவரை, ‘ஓடு’ என்ற நம் வினை வியக்கத்தக்க தொலைவுவரை அதனுடன் கூடவே வருகிறது. திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்கு பஸ் ஓடுகிறது; ஆங்கிலத்திலும் பஸ் ‘ரன்’ ஆகிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, அங்கும் அப்படியே. ஆடிக் காற்றில் ராதாபுரம் பக்கம் காற்றாலை ஓடுகிறது, தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, திரையரங்கில் படம் நூறு நாள் ஓடுகிறது, முகத்தில் வியர்வை ஓடுகிறது, சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடுகிறது, உடம்பில் ரத்தம் ஓடுகிறது. இவை அத்தனையிலும் ‘ரன்’ என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். விரிசல் எங்கும் நகரவில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அதன் நீளத்தைப் பார்வை தொடர்வதால் அது ‘ஓடுகிறது’ என்கிறோம். ஆங்கிலமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. சேரன்மகாதேவி வழியாகச் சாலை ‘ரன்’ ஆகிறது, மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கு தெற்காக ‘ரன்’ ஆகிறது என்ற புவியியல் பாட வாக்கியங்களுக்கு இந்த விரிசலே திறவுகோல். சாலைக்கும் மலைக்கும் நாம் ‘செல்கிறது’, ‘நீண்டு கிடக்கிறது’ என்று வேறு வினைகளைப் பயன்படுத்துகிறோம் என்பது உண்மை; ஆனால் விரிசலைப் புரிந்துகொண்டவருக்கு மலையைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது.

பெயர்ச்சொல்லுக்கு வந்தால் இந்த உறவு இன்னும் நெருக்கமாகிறது. புதிய வண்டியையோ படகையோ முதலில் ஓட்டிப் பார்ப்பதை ஆங்கிலம் ‘டிரையல் ரன்’ என்கிறது. நம்மிடம் ‘வெள்ளோட்டம்’ இருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர் ‘எவ்வளவு ஓடியிருக்கு?’ என்றுதான் முதலில் கேட்கிறார். ஒரு பக்கத்தின் மேல் பார்வையை விரைவாகச் செலுத்துவதை ஆங்கிலத்தில் கண்ணை அதன் மேல் ‘ரன்’ செய்வது என்பார்கள். ‘கண்ணோட்டம்’ என்ற சொல்லிலும் ஓட்டம் இருக்கிறது, அதற்கு வள்ளுவர் வைத்த பொருள் இரக்கம் என்றாலும். வயிற்றுப்போக்கை ஈழத் தமிழர் ‘வயிற்றோட்டம்’ என்கிறார்கள். கொச்சை ஆங்கிலத்தில் அதற்கு ‘தி ரன்ஸ்’ என்றே பெயர். இரு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல. ஓட்டம் என்ற ஒரே உடல் அனுபவத்திலிருந்து தனித்தனியே கிளைத்தவை. தமிழ் தெரிந்த ஒருவர் இந்தச் செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலை உருப்போடுவது வீண் என்றே சொல்வேன்.

ஆனால் ‘ஓடு’ எங்கே துணைவருகிறது என்பதைச் சொல்லும் அதே கறாரோடு, அது எங்கே கைவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் இடறல், செயப்படுபொருள் வரும் இடம். ‘ஓடு’ என்பதற்கு ‘ஓட்டு’ என்ற பிறவினை நம்மிடம் தனியாக உண்டு; ஆங்கிலத்தில் ‘ரன்’ ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது. பஸ் ‘ரன்’ ஆகிறது, எனவே ஓட்டுநர் பஸ்ஸை ‘ரன்’ செய்கிறார் என்று மாணவர் முடிவு கட்டுவது இயல்பு. தவறு, அவர் ‘டிரைவ்’ செய்கிறார். பஸ்ஸை ‘ரன்’ செய்வது போக்குவரத்துக் கழகம். சக்கரத்தைப் பிடித்திருப்பவர் ஒருவர், அந்தத் தடத்தில் சேவையை நடத்துகிறவர் வேறொருவர் என்பதை ஆங்கிலம் இரண்டு வினைகளால் பிரிக்கிறது. மாட்டையும் ஏரையும் ‘ஓட்டு’வதற்கு ‘ரன்’ ஆகாது; பொழுதை ஓட்டுவதற்கும் ஆகாது. ‘என்னத்தயோ ஓட்டுதோம்’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை ‘ரன்’ போட்டு ஆங்கிலமாக்கினால், எதையோ நிர்வகிக்கிறோம் என்ற பெருமிதமாக அது மாறிவிடும். கடையை ஓட்டுவது மட்டும் இரண்டு மொழியிலும் பொருந்துகிறது.

அடுத்தது, நாம் ‘ஓடு’ என்கிற பல இடங்களில் ஆங்கிலம் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. ஆனி மாதத்தில் நெல்லையப்பர் கோயில் தேர் ஓடுகிறது. தேரோட்டம் என்றே விழாவுக்குப் பெயர். ஆனால் ஆயிரக்கணக்கானோர் வடம்பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்துகிற ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ‘ரன்’ வராது. இழுக்கப்படுகிறது என்று பொருள்படும் வினைதான் வரும். டிவி ஓடுகிறது என்பதற்கு ‘ஆன்’ போதும். சுவர்க் கடிகாரம் ஓடவில்லை என்றால் ‘நாட் வொர்க்கிங்’. ‘எனக்கு ஒண்ணும் ஓடல’ என்ற நம் அருமையான வாக்கியத்துக்கு ‘ரன்’ என்ற சொல்லைக் கிட்டேயே கொண்டுவர முடியாது.

மறுதலையாகவும் நடக்கிறது. சளி பிடித்தால் நமக்கு மூக்கு ஒழுகும், அவர்களுக்கு ‘ரன்’ ஆகும். துவைக்கும்போது நம் சேலையில் சாயம் போகும், அவர்களுடைய துணியில் சாயம் ‘ரன்’ ஆகும். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலுக்கு ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் அதற்கு ‘ஸ்டாண்ட்’ என்று சொல்வது வழக்கம். நாமும் ‘தேர்தல்ல நிக்கிறாரு’ என்றுதான் சொல்கிறோம். இந்தியச் செய்தித்தாள்கள் இந்த இரண்டும் வேண்டாமென்று ‘கன்டெஸ்ட்’ என்று எழுதுகின்றன. இந்த ஓர் எடுத்துக்காட்டை வகுப்பில் சொன்னால் போதும், எந்தச் சொல்லும் எந்தப் பொருளுக்கும் கல்வெட்டாக அமைந்துவிடவில்லை என்பது மாணவருக்கு விளங்கிவிடும்.

கிரிக்கெட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் சங்கர் நகர் மைதானத்தில் நடந்த பிறகு என்றில்லை, அதற்கு வெகுகாலம் முன்பே ‘ரன்’ என்பது நெல்லைப் பிள்ளைகளுக்குத் தமிழ்ச்சொல் ஆகிவிட்டது. ரன் எடுப்பார்கள், ரன் ஓடுவார்கள், ரன் அவுட் ஆவார்கள். ‘ரன் ஓடு’ என்பதில் ஒரே வினை இரண்டு மொழிகளில் அடுத்தடுத்து நிற்பதை எவரும் கவனிப்பதில்லை. இந்தப் பழக்கம் நன்மையும் செய்கிறது, இடைஞ்சலும் செய்கிறது. ‘வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்’ என்ற வாக்கியத்தைக் கேட்ட பையன் ஸ்டம்பையும் பெயில்ஸையும் நினைத்துக்கொள்கிறான். அரிசி தீர்ந்துபோயிற்று என்று அவனுக்கு எட்டுவதே இல்லை.

இந்த ‘ரன் அவுட்’ வகைதான் ‘ஓடு’ வழியின் கடைசி எல்லை. ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘டவுன்’, ‘த்ரூ’, ‘அப்’ என்று சின்னஞ்சிறு சொற்கள் பின்னால் ஒட்டியவுடன் ‘ரன்’ தன் முகத்தை மாற்றிக்கொள்கிறது. ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, அல்லது ஒன்றின் மேல் மோதுவது, அல்லது கடன், சிக்கல் போன்றவற்றில் மாட்டுவது. ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஒருவர் மேல் ஏறிவிடுவது. கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவதும் அதுவே. ‘ரன் டவுன்’ என்றால் பேட்டரி இறங்குவது, அல்லது ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவது. இவற்றில் சிலவற்றை ஓட்டத்திலிருந்து வருவித்துக் காட்டலாம். ஆனால் வருவித்துக் காட்டுவது ஆசிரியரின் கெட்டிக்காரத்தனமாக முடியுமே ஒழிய, மாணவருக்கு நினைவில் நிற்காது. ‘அரிசி தீர்ந்துபோச்சு’ என்று நாம் சொல்லும்போது அரிசியே எழுவாய். ஆங்கிலத்தில் அரிசியை எழுவாயாக வைத்து ‘ரைஸ் ஹாஸ் ரன் அவுட்’ என்றும் சொல்லலாம், வீட்டாரை எழுவாயாக வைத்து ‘வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்’ என்றும் சொல்லலாம். இரண்டாவது வடிவம் தமிழ்க் காதுக்குப் புதிது, அதனால்தான் ‘ரைஸ் இஸ் ஓவர்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். வாக்கிய அமைப்பு சார்ந்த இந்தச் செய்தியை ‘ஓடு’ என்ற வேர் தராது.

அதைத் தருவது மூன்றாவது வழியான கற்போர் அகராதி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் மாணவர்களின் தேவையைக் கண்டு உருவாக்கிய அகராதியை ஆக்ஸ்ஃபோர்டு 1948-இல் வெளியிட்டது. அதுவே இன்றைய கற்போர் அகராதிகளுக்கெல்லாம் முன்னோடிகளில் ஒன்று. லாங்மன் 1978-இல் வெளியிட்ட அகராதி ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கங்களையும் அடக்கியது. ஜான் சின்க்ளேரின் தலைமையில் பர்மிங்காமில் உருவாகி 1987-இல் வந்த கோபில்டு அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு பொருளையும் முழு வாக்கியமாக விளக்கியது: நீங்கள் ஒரு தொழிலை ‘ரன்’ செய்தால், அதன் பொறுப்பு உங்களுடையது என்ற பாணியில். இந்தப் பாணியை நான் பெரிதும் மதிக்கிறேன். யார் செய்வது, எதைச் செய்வது என்ற இரண்டும் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. ‘கண்டக்டிங் எ ஷாப்’ பிறக்க அங்கே இடமில்லை.

குறையும் உண்டு. ‘ரன்’ என்ற பதிவு இத்தகைய அகராதிகளில் பத்தி பத்தியாக, பக்கம் தாண்டி ஓடும். தமிழ்வழியில் படித்த ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவர் அதற்குள் நுழைந்து தமக்கு வேண்டிய பொருளைக் கண்டுபிடிப்பதற்குள் களைத்துவிடுகிறார். முதல் இரண்டு பொருள்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. விளக்கத்தில் உள்ள ஆங்கிலத்தைப் படிக்கும் தெம்பு வந்த பிறகே அந்த அகராதி பயன்படத் தொடங்கும். எனவே மகன் மேனிலைப் பள்ளியில் சேர்ந்த அன்றே கனமான அகராதி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, அது அலமாரியில் தூங்குகிறதே என்று வருந்தும் பெற்றோர், வாங்குவதை ஓராண்டு தள்ளிப்போட்டிருக்கலாம். அதுவரை மாவட்ட மைய நூலகத்தின் குறிப்புதவிப் பகுதியிலோ, பள்ளி நூலகத்திலோ அதைப் பார்த்துக்கொள்ள முடியும்.

கைபேசி மொழிபெயர்ப்பை ஐந்தாவது வழியாக நான் எண்ணவில்லை. ஒற்றைச் சொல்லை அதில் தட்டுவது பட்டியல் வழியேதான், இன்னும் குட்டையான பட்டியல். முழு வாக்கியத்தையும் கொடுத்தால் நல்ல விடை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் விடை கிடைத்ததும் சொல் மறந்துபோகும்.

எஞ்சியிருப்பது குறிப்பேடு. இதன் பின்னால் உள்ள கொள்கை பழையது. ஒரு சொல்லை அதனோடு கூடிவரும் சொற்களைக் கொண்டே அறியலாம் என்ற கருத்தை ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1957-இல் எழுதினார். அவர் 1920-களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியல், ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு வழங்குகிறது என்றுகூடக் கணக்குக் காட்டியது. நம்மைப் போன்ற மாணவர்களின் திண்டாட்டத்தை நேரில் பார்த்த இருவரிடமிருந்தும் இந்தச் சிந்தனைகள் வந்தது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் ஊகம்.

செய்முறை எளிது. குறிப்பேட்டில் ‘ரன்’ என்று தலைப்பிட்டு, அதன்கீழ்த் தமிழ்ப் பொருளை எழுதாமல், எது ஓடுகிறது என்பதன்படி பக்கங்களைப் பிரிக்க வேண்டும். வண்டி வாகனங்களுக்கு ஒரு பக்கம். திருநெல்வேலி சந்திப்பில் ஒலிபெருக்கி ‘ரன்னிங் லேட்’ என்று அறிவிக்கும்போது அதை அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம், பிறகு அலுவலகத்துக்குத் தாமதமாகும் மனிதர் ஒருவரும் ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்று சொல்வதைப் படிக்கும்போது அதையும் பக்கத்திலேயே சேர்க்கலாம். நீர், மூக்கு, சாயம், வியர்வை போன்ற நீர்மங்களுக்கு ஒரு பக்கம். கடை, ஹோட்டல், பள்ளி, சங்கம் போன்று மனிதர் பொறுப்பேற்று நடத்துபவற்றுக்கு ஒரு பக்கம். இயந்திரம், கணினி நிரல், ரத்தப் பரிசோதனை போன்றவற்றுக்கு இன்னொன்று. ‘ரன் டிரை’, ‘ரன் லோ’, ‘ரன் ஷார்ட்’ என்று ஒரு நிலைக்கு வந்து சேர்வதைக் குறிப்பவை தனி. வானம் பொய்த்த ஆண்டில் மானாவாரிக் காட்டுக் கிணறு வற்றிப்போவதை ‘தி வெல் ஹாஸ் ரன் டிரை’ என்று எழுதி வைத்தவர் அதை மறக்கவே மாட்டார். சர்க்கரை நோயும் பிடிவாதமும் ‘ரன் இன் தி ஃபேமிலி’ என்பவை, வம்சத்தில் வருபவை. அவற்றுக்கு அரைப் பக்கம் போதும். பின்னொட்டு வினைகளுக்கு மட்டும் நான்கைந்து பக்கங்கள் விட்டுவைக்க வேண்டும், ஏனெனில் அவை நிறைந்துகொண்டே போகும்.

இவ்வாறு எழுதியவர் புதிய வாக்கியத்தைச் சந்திக்கும்போது, ‘ரன்’ என்றால் என்ன என்று தம்மைக் கேட்பதில்லை. எது ‘ரன்’ ஆகிறது, அதற்குப் பின்னால் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிறார். எழுவாய் நீர்மம் என்றால் ஒரு பக்கம், எழுவாய் மனிதர், செயப்படுபொருள் நிறுவனம் என்றால் வேறு பக்கம். பொருள் தானாக வந்து உட்காருகிறது. தாமே வாக்கியம் அமைக்கும்போதும், கடைக்கு முன்னால் எந்த வினை நிற்கும் என்பது கை பழகியதாகிவிடுகிறது. இந்த வழியின் ஒரே பகை நேரம். மூன்று மாதமாவது விடாமல் எழுத வேண்டும். முதல் சில வாரங்களில் பக்கங்கள் காலியாகக் கிடப்பதைக் கண்டு பலர் விட்டுவிடுகிறார்கள். தனி ஆளாக எழுதுவதைவிட, விடுமுறை வகுப்பில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே குறிப்பேட்டை நிரப்பினால் இந்தச் சோர்வு வருவதில்லை.

எனவே என் தேர்வு இது: இரண்டாவது வழியில் தொடங்கி, நான்காவது வழியில் தொடர வேண்டும். முதல் வகுப்பிலேயே ‘ஓடு’ என்ற வினையைத் தமிழில் எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று மாணவர்களையே சொல்லச் செய்து, அவற்றில் எவை ஆங்கிலத்துக்குச் செல்லுபடியாகும், எவை ஆகா என்று பிரித்துக் கொடுத்துவிட்டால், குறிப்பேட்டின் பாதிப் பக்கங்கள் அன்றே நிரம்பிவிடும்; காலிப் பக்கத்தைக் கண்டு மலைக்கும் சிக்கலும் தீர்ந்தது. கற்போர் அகராதி மூன்றாவதாக வரட்டும், வழக்கைத் தீர்த்துவைக்கும் நடுவராக. ‘பஸ்ஸை ரன் செய்வது யார்’ என்பது போன்ற ஐயங்கள் எழும்போது அதைத் திறந்தால், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே திறக்கிறோம். அப்போது அத்தனை பத்திகளும் அச்சுறுத்துவதில்லை.

இந்த வரிசை எல்லாருக்கும் பொருந்தாது. பொதுத்தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும் மாணவரிடம் குறிப்பேட்டைப் பற்றிப் பேசுவது அவரைத் துன்புறுத்துவதாகும். அவர் பட்டியலோடு போகட்டும், பின்னொட்டு வினைகளில் ஒரு பத்தை மட்டும் வாக்கியத்தோடு படித்துக்கொள்ளட்டும். செவிலியர் படிப்பில் சேர்ந்து வெளிநாட்டு வேலையை எண்ணியிருப்பவருக்கு வண்டியும் கடையும் காத்திருக்கலாம். நோயாளிக்குக் காய்ச்சல் இருப்பதை ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்பதும், மருத்துவர் பரிசோதனைகளை ‘ரன்’ செய்யச் சொல்வதும், மூக்கும் வயிறும் சார்ந்த பயன்பாடுகளும் அவர் குறிப்பேட்டின் முதல் பக்கங்களாக வேண்டும். பாலிடெக்னிக் மாணவருக்கு இயந்திரப் பக்கமும் ‘ரன்னிங் காஸ்ட்’ போன்ற கூட்டுச்சொற்களும் முதலில் வேண்டும். பேச்சு ஆங்கிலம் மட்டும் போதும் என்பவருக்கு ‘ரன் அவுட் ஆஃப்’, ‘ரன் இன்டு’, ‘ரன்னிங் லேட்’ ஆகிய மூன்றும் வாயில் புரண்டாலே பாதிக் கிணறு தாண்டியதாகும். ஆங்கிலவழியிலேயே படித்த பிள்ளைகளுக்கு ‘ஓடு’ வழி அவ்வளவு தேவைப்படாது. அவர்கள் நேரே அகராதிக்குப் போகலாம், ஆனால் ‘ரைஸ் இஸ் ஓவர்’ அவர்களிடமும் உண்டு என்பதால் குறிப்பேட்டிலிருந்து விலக்குக் கேட்க முடியாது.

அகராதி வாங்க முடிவு செய்தவர்களுக்குக் கடைசியாக ஒரு செய்தி. புதிய பதிப்புதான் வேண்டும் என்பதில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் பத்துப் பதினைந்து ஆண்டுப் பதிப்பிலும் மேலே சொன்ன பயன்பாடுகள் அனைத்தும் இருக்கும். வாங்கும் முன் ‘ரன்’ என்ற பதிவைத் திறந்து, கணினி நிரலை ‘ரன்’ செய்வது பற்றிய பொருள் இருக்கிறதா, ஒவ்வொரு பொருளுக்கும் முழு வாக்கிய எடுத்துக்காட்டு இருக்கிறதா, பின்னொட்டு வினைகள் பதிவின் இறுதியில் தனியே அகரவரிசையில் தொகுக்கப்பட்டுள்ளனவா என்ற மூன்றையும் பார்த்துக்கொண்டால் போதும். பின்னொட்டு வினைகளைத் தனியே தராமல் மற்றப் பொருள்களுக்கிடையில் சிதறவிட்டிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த அகராதி வேண்டாம்.